லினக்ஸ் கணினியில் எல்லாச் செயலியும் ஒரே முகத்தோடு இருக்க: ஒரு ரங்கூன் கடையின் வழிமுறை

ரங்கூனில் நான் நடத்தும் சின்னக் கடையில் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், மளிகைக் கடைகளுக்கு பில் புத்தகம் என்று எழுத்துக்கோத்து அச்சுக்குத் தயார் செய்கிறோம். தமிழ், பர்மியம், ஆங்கிலம் மூன்றும் ஒரே தாளில் வருவது இங்கே சர்வசாதாரணம். கணினிகளில் ஓடுவது லினக்ஸ் மின்ட் என்ற விநியோகம் (லினக்ஸைச் செயலிகளோடு சேர்த்துத் தரும் தொகுப்பு), அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப் உள்ள பதிப்பு. பழைய கணினிக்கும் அது பாரமாக இருக்காது.

கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் இரண்டு கணினிகள்தான் ஓடும். யார் கையில் அவசர வேலை இருக்கிறதோ அவர்கள் எழுந்து வந்து அந்த இரண்டில் ஒன்றில் உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்த இடத்தில் எழுத்தளவு வேறு, ஐகான் வேறு, சேமிக்கும் பட்டன் இருக்கும் பக்கம் வேறு என்றால் கை தடுமாறும். எதிரே பெண் வீட்டார் பத்திரிகைக்காகக் காத்துக்கொண்டு நிற்கும்போது அந்தத் தடுமாற்றம் பெரிய இடைஞ்சல். அதனால் தோற்ற ஒழுங்கை நான் அழகு சம்பந்தப்பட்ட விஷயமாகப் பார்ப்பதில்லை. மேசை, நாற்காலி, விளக்கு மாதிரி அதுவும் வேலைக்கான ஏற்பாடு.

பலரும் இதை நிறத்திலிருந்து தொடங்குகிறார்கள். அழகான ஒரு 'தீம்' (நிறமும் வடிவமும் சேர்ந்த தோற்றத் தொகுப்பு) இறக்கிப் போட்டுவிட்டு, பாதிச் செயலிகள் அதற்கு மசியவில்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள். என் வரிசை வேறு. முதலில் எழுத்து, அப்புறம் பட்டன்களின் இடம், அப்புறம் ஐகான். நிறம் கடைசியில்தான். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

இந்தக் கலவை எங்கிருந்து வருகிறது

லினக்ஸில் பட்டன், மெனு, உரைப்பெட்டி எல்லாவற்றையும் வரைந்து கொடுப்பது கருவித்தொகுப்பு. அதில் பெரியவை இரண்டு: ஜிடிகே, க்யூடி. எங்கள் கடையில் தினமும் திறக்கும் செயலிகளை எடுத்துக்கொண்டால் படம் வரையும் இங்க்ஸ்கேப்பும் புகைப்படம் திருத்தும் கிம்ப்பும் ஜிடிகே. பக்கம் அமைக்கும் ஸ்கிரைபஸ் க்யூடி. லிப்ரேஆபிஸ் தனக்கென்று ஓர் அடுக்கு வைத்துக்கொண்டு, கீழே ஜிடிகே இருந்தால் அதைக் கேட்டு வரையும், க்யூடி இருந்தால் அதைக் கேட்டு வரையும். குரோம் பெரும்பாலும் எல்லாவற்றையும் தானே வரைந்துகொள்ளும். ஜிடிகேக்குள்ளேயே தலைமுறை வித்தியாசம் உண்டு. கிம்ப் 2.10 வரை ஜிடிகே 2இல் இருந்தது, 2025 மார்ச்சில் வந்த 3.0தான் ஜிடிகே 3க்கு மாறியது. க்னோம் என்ற டெஸ்க்டாப்பின் செயலிகள் பலவும் அதற்குள் ஜிடிகே 4க்குப் போய்விட்டன.

இதை ஒழுங்குபடுத்தும் முயற்சி புதிதல்ல. 2002இல் ரெட் ஹாட் லினக்ஸ் 8.0 வந்தபோது க்னோமுக்கும் இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஇக்கும் ஒரே தோற்றம் தர 'புளூகர்வ்' என்ற தீமைக் கொண்டுவந்தார்கள். கேடிஇ பக்கத்திலிருந்து எதிர்ப்பும் வந்தது. 2019இல் ஜிடிகே செயலிகள் எழுதும் சிலர், எங்கள் செயலிகள் மேல் உங்கள் தீமைத் திணிக்காதீர்கள் என்று விநியோகங்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். அதே ஆண்டு கேடிஇ சமூகம் தோற்ற ஒருமைப்பாட்டைத் தன் மூன்று பெரிய இலக்குகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. செயலி எழுதுகிறவர் தன் வேலை குலையக் கூடாது என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது. நாள் முழுக்கப் பத்துச் செயலிகளுக்கு நடுவே மாறி மாறி வேலை பார்க்கிறவரின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இந்தக் கட்டுரை இரண்டாமவருக்காக.

முதலில் எழுத்து

திரையில் நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி எழுத்துதான். மெனு, கோப்புப் பெயர், தலைப்பட்டை, உரையாடல் பெட்டி எல்லாமே எழுத்து. எழுத்து எல்லாச் செயலியிலும் ஒரே மாதிரி அமைந்துவிட்டாலே வேலை பாதி முடிந்த மாதிரி.

எக்ஸ்எஃப்சிஇயில் செட்டிங்ஸ், அதில் தோற்றம், அதில் எழுத்துரு என்று போனால் இயல்பான எழுத்துருவைக் கேட்கும். அங்கே குறிப்பிட்ட ஒரு எழுத்துருவைக் கொடுக்காமல் 'சான்ஸ்' என்ற பொதுப்பெயரைக் கொடுங்கள். 'சான்ஸ்' என்றால் எந்தக் கோப்பிலிருந்து எழுத்தை எடுப்பது என்பதை ஃபான்ட்கான்ஃபிக் என்ற அடிப்படை நிரல் முடிவு செய்கிறது. ஜிடிகே, க்யூடி, லிப்ரேஆபிஸ், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாமே அதைத்தான் கேட்கின்றன. ஆகவே ஒரே ஓர் இடத்தில் வரிசையை எழுதிவிட்டால் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

அந்த இடம்: உங்கள் வீட்டு ஃபோல்டரில் மறைந்திருக்கும் 'கான்ஃபிக்' ஃபோல்டருக்குள், 'ஃபான்ட்கான்ஃபிக்' என்ற ஃபோல்டர், அதற்குள் 'ஃபான்ட்ஸ்.கான்ஃப்' என்ற கோப்பு. இல்லையென்றால் நீங்களே உருவாக்கலாம். அதில் 'சான்ஸ்-செரிஃப்' என்ற பெயருக்கு ஒரு மாற்றுப்பெயர்ப் பகுதி எழுதி, முன்னுரிமைப் பட்டியலில் முதலில் நோட்டோ சான்ஸ், இரண்டாவது நோட்டோ சான்ஸ் தமிழ் யூஐ, மூன்றாவது நோட்டோ சான்ஸ் மியான்மர் யூஐ என்று வைக்க வேண்டும். ஆங்கில எழுத்து முதலாவதிலிருந்து வரும். தமிழ் அதில் இல்லாததால் இரண்டாவதற்குப் போகும், பர்மியம் மூன்றாவதற்கு. இதே வரிசையை 'செரிஃப்', 'மோனோஸ்பேஸ்' இரண்டுக்கும் ஏற்ற எழுத்துருக்களோடு எழுதிவிடுங்கள்.

பெயரில் 'யூஐ' சேர்ந்த வகையை ஏன் எடுக்கச் சொல்கிறேன் என்பதை விளக்க வேண்டும், ஏனென்றால் இங்கே உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். பர்மிய எழுத்தில் ஒரு மெய்க்குக் கீழே இன்னொரு மெய் அடுக்கி வரும், அதற்கும் கீழே உயிர்க்குறி வரலாம், மேலேயும் ஒரு குறி உட்காரும். அதனால் சாதாரண பர்மிய எழுத்துருவின் வரி உயரம் தமிழையும் ஆங்கிலத்தையும்விட நிறைய அதிகம். ஜிடிகே செயலிகளில் ஒரு வரியில் எந்தெந்த எழுத்துரு வருகிறதோ அவற்றில் உயரமானதுதான் அந்த வரியின் உயரத்தைத் தீர்மானிக்கும். விளைவு என்னவென்றால், கோப்பு மேலாளரில் பட்டியல் பார்வையைத் திறந்தால் தமிழ்ப் பெயர் உள்ள வரிசை குட்டையாகவும் பர்மியப் பெயர் உள்ள வரிசை நெட்டையாகவும் மேடு பள்ளமாகக் கிடக்கும். கண் ஓடி வரும்போது தடுக்கும். 'யூஐ' வகையில் மேல் கீழ் அளவுகளைச் சுருக்கி, மெனுவுக்கும் பட்டனுக்கும் பொருந்தும்படி செய்திருக்கிறார்கள். மின்ட்டின் மென்பொருள் கிடங்கில் நோட்டோ யூஐ தொகுப்புகளைத் தேடினால் கிடைக்கும்.

தலைப்பட்டையில் வேறு சிக்கல். எக்ஸ்எஃப்சிஇயின் விண்டோ மேலாளரில் (விண்டோக்களுக்குச் சட்டமும் தலைப்பட்டையும் போடும் நிரல்) தலைப்பட்டையின் உயரத்தைத் தீமில் உள்ள படங்கள்தான் நிர்ணயிக்கின்றன. எழுத்து நெட்டையாக இருக்கிறது என்று பட்டை நெட்டையாகாது, எழுத்துதான் வெட்டுப்படும். பர்மியப் பெயர் கொண்ட கோப்பைத் திறந்து தலைப்பட்டையைப் பாருங்கள். கீழ்க்குறி அறுபட்டிருந்தால் விண்டோ மேலாளர் செட்டிங்ஸில் தலைப்பு எழுத்தை ஒரு புள்ளி குறையுங்கள், அல்லது உயரமான பட்டை உள்ள தீமை எடுங்கள். எக்ஸ்எஃப்சிஇயோடு வரும் 'டீஃபால்ட்' தீமுக்கு 'எச்டிபிஐ' என்று ஓர் உயரமான வடிவம் இருக்கிறது.

ஸோஜி பற்றிச் சொல்லாமல் பர்மாவில் எழுத்துருவைப் பற்றிப் பேச முடியாது. யூனிகோடில் பர்மிய எழுத்து 1999இல் 3.0 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டாலும், இங்கே பல வருடம் ஸோஜி எழுத்துருதான் எல்லோர் கையிலும் இருந்தது. 2019 அக்டோபர் 1 அன்று நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. ஆனால் பழைய கோப்புகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால் ஸோஜி, யூனிகோடில் பர்மியத்துக்கு ஒதுக்கிய அதே இடங்களை வேறு விதமாகப் பயன்படுத்துகிறது. அது கணினியில் பொது எழுத்துருவாக நிறுவப்பட்டிருந்தால், ஃபான்ட்கான்ஃபிக் சில சமயம் யூனிகோடு எழுத்துக்கும் அதையே எடுத்துக் கொடுத்துவிடும். ஒரு செயலியில் பெயர் சரியாகத் தெரியும், இன்னொன்றில் குறிகள் இடம் மாறிக் கிடக்கும்.

ஸோஜியைப் பொது எழுத்துரு ஃபோல்டர்களிலிருந்து அறவே நீக்கிவிடுங்கள். பழைய கோப்பைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தால் அதைத் தனி ஃபோல்டரில் வைத்து, ஸ்கிரைபஸின் விருப்பத்தேர்வுகளில் எழுத்துருப் பகுதியில் கூடுதல் பாதையாக அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். அப்போது ஸ்கிரைபஸுக்கு மட்டும் அது தெரியும், டெஸ்க்டாப்பின் மற்ற பகுதிக்குத் தெரியாது. பழைய பாமினி வகைத் தமிழ் எழுத்துருக்களையும் நாங்கள் அந்த ஃபோல்டரில்தான் வைத்திருக்கிறோம். எழுத்துருப் பட்டியலும் சுத்தமாக இருக்கிறது. புதிய வேலைக்கு எப்போதும் யூனிகோடுதான். ஸோஜியில் வந்த வாசகத்தை ராபிட் போன்ற மாற்றியில் போட்டு மாற்றிக்கொள்கிறோம்.

அளவு: 1366க்கு 768 திரையில் 9 புள்ளி எழுத்தில் தமிழ் படிக்காதீர்கள். 'ண', 'ன' இரண்டின் சுழிகளும் அந்த அளவில் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். 'றி', 'நி' கூட மயக்கும். 10 அல்லது 11 வையுங்கள். டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு) 96இல் இருக்கட்டும். 'ஹின்டிங்' என்ற இடத்தில் 'ஸ்லைட்' எடுங்கள். முழு ஹின்டிங் கோடுகளைப் புள்ளிக் கட்டத்துக்குள் இழுத்து நிறுத்தும். ஆங்கிலத்தின் நேர்கோடுகளுக்கு அது சரி, தமிழின் வளைவுகளை அது சிதைக்கும்.

சரி பார்க்க ஒரு வழி. முனையத்தை (டெர்மினல்) திறந்து 'எஃப்சி-மேட்ச்' கட்டளைக்கு 'சான்ஸ்' என்ற பெயரையும் தமிழின் மொழிக்குறியையும் கொடுத்தால், எந்த எழுத்துரு எடுக்கப்படும் என்று ஒரே வரியில் சொல்லிவிடும். பர்மியக் குறியைக் கொடுத்தும் பாருங்கள். கூடவே ஒரு சோதனை ஃபோல்டர் செய்து, அதில் மூன்று மொழியிலும் பெயர் வைத்த வெற்றுக் கோப்புகளைப் போட்டுவையுங்கள். ஒவ்வொரு செயலியின் 'திற' பெட்டியிலும் அந்த ஃபோல்டரைப் பார்த்தால் எங்கே ஒழுங்கு குலைகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

க்யூடி செயலிகளையும் பட்டன் வரிசையையும் சரிசெய்தல்

எக்ஸ்எஃப்சிஇ ஜிடிகேயில் எழுதப்பட்டது. அதனால் ஜிடிகேயை வீட்டுக்காரராக வைத்து க்யூடியை அதற்கு இணங்கச் செய்வதுதான் சுலபம். நீங்கள் கேடிஇ பயன்படுத்துகிறவர் என்றால் இதைத் திருப்பிப் போடுங்கள். கேடிஇயின் அமைப்புப் பகுதியில் ஜிடிகே செயலிகளுக்கான தோற்றத்தையும் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம், பிரீஸ் தீமின் ஜிடிகே வடிவம் கூடவே வரும்.

ஜிடிகே பக்கத்தில் இருப்பவர்களுக்கு வேண்டியது 'க்யூடி5சிடி', 'க்யூடி6சிடி' என்ற இரண்டு சிறு செயலிகள். மென்பொருள் கிடங்கிலிருந்து நிறுவுங்கள். முதலில் திறந்ததும், ஒரு சூழல் மாறி (செயலிகள் தொடங்கும்போது படித்துக்கொள்ளும் அமைப்பு) சரியாக அமைக்கப்படவில்லை என்று அதன் முழுப் பெயரோடு எச்சரிக்கும். அந்தப் பெயரை அப்படியே நகலெடுத்து, வீட்டு ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் 'ப்ரொஃபைல்' கோப்பின் கடைசியில் 'எக்ஸ்போர்ட்' வரியாக எழுதி, மதிப்பாக 'க்யூடி5சிடி' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் கொடுங்கள். க்யூடி6சிடியும் அந்த மதிப்பை ஏற்றுக்கொள்ளும், ஆகவே ஒரு வரியே போதும். வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள்.

உள்ளே 'ஸ்டைல்' என்ற இடத்தில் பழைய கணினிகளுக்கு 'ஃப்யூஷன்' போதும். க்வான்டம் என்று ஒன்று இருக்கிறது. தீமைத் திசையன் படங்களாக வைத்து வரையும், மிக அழகாக இருக்கும், பிரபலமான ஜிடிகே தீம்கள் சிலவற்றுக்கு ஜோடியும் அதோடு வரும். நல்ல கணினி என்றால் அதை எடுங்கள். எழுத்துருப் பகுதியில் 'சான்ஸ்' பொதுப்பெயரையும், எக்ஸ்எஃப்சிஇயில் வைத்த அதே புள்ளி அளவையும் கொடுங்கள். அங்கே ஃபான்ட்கான்ஃபிக் கோப்பை உருவாக்கித் தர ஒரு பட்டனும் இருக்கும். நீங்கள் கையால் எழுதிய வரிசை ஏற்கெனவே இருப்பதால் அதன் மேல் எழுதவிடாதீர்கள்.

இப்போது நான் மிகவும் வலியுறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். சேமிக்காத கோப்பை மூடும்போது ஒரு பெட்டி வரும் அல்லவா? க்னோம் மரபில் 'சேமி' வலது ஓரத்தில் நிற்கும், 'ரத்து' அதற்கு இடது பக்கம். விண்டோஸ், கேடிஇ மரபில் 'சரி' முன்னே, 'ரத்து' அதற்கு வலது பக்கம். இரண்டு மரபும் ஒரே கணினியில் கலந்திருந்தால், இங்க்ஸ்கேப்பில் பழகிய கை ஸ்கிரைபஸில் வலது ஓரத்தை அழுத்தி வேறு எதையோ செய்துவிடும். பெகு பக்கத்திலிருந்து வந்து எங்களிடம் தட்டச்சு செய்யும் தங்கச்சி ஒரு நாள், "அண்ணே, இந்தப் பெட்டியில மட்டும் சேவ் இடம் மாறி இருக்கே?" என்று கேட்டாள். அவள் அந்தப் பெட்டியைப் படித்துப் பார்த்ததால் கேட்டாள். வேகமாக வேலை செய்கிறவர்கள் படிக்க மாட்டார்கள், இடத்தைப் பார்த்து அழுத்துவார்கள். அதுதான் திறமையான கையின் இயல்பு, அதைக் குறை சொல்லக் கூடாது.

க்யூடி5சிடியில் 'இன்டர்ஃபேஸ்' என்ற பக்கத்தில் உரையாடல் பட்டன்களின் வரிசை என்று ஒரு தேர்வு இருக்கிறது. விண்டோஸ், மேக், கேடிஇ, க்னோம் என்று நான்கு கொடுக்கும். க்னோம் என்பதை எடுங்கள். க்யூடி6சிடியிலும் அதையே செய்யுங்கள். அதே பக்கத்தில் மெனுவில் ஐகான் தெரிய வேண்டுமா, பட்டனில் ஐகான் வேண்டுமா என்ற தேர்வுகளும் இருக்கின்றன. ஜிடிகே 3 செயலிகளில் பட்டனுக்குள் ஐகான் பெரும்பாலும் வராது என்பதால் இங்கேயும் எடுத்துவிடுங்கள். யாரும் பெரிதாகப் பேசாத இந்த ஒரு பக்கத்துக்கு நான் எந்தத் தீமுக்கும் மேலாக மதிப்புக் கொடுப்பேன்.

விண்டோவை மூடும் பட்டன் இடதா வலதா என்பதும் இதில் சேரும். விண்டோ மேலாளர் செட்டிங்ஸில் பட்டன்களை இழுத்து வைத்து வரிசை மாற்றலாம். ஃபயர்ஃபாக்ஸ் தன் தலைப்பட்டையைத் தானே வரையும். கருவிப்பட்டையைத் தனிப்பயனாக்கும் பக்கத்தின் அடியில் 'டைட்டில் பார்' என்பதை டிக் செய்தால் மற்ற விண்டோக்களின் பட்டையே அதற்கும் வந்துவிடும். குரோமில் தாவல் வரிசையின் வெற்றிடத்தில் வலது கிளிக் செய்தால் கணினியின் தலைப்பட்டையைப் பயன்படுத்தச் சொல்லலாம்.

ஐகான்

ஐகான்களுக்கு ஃப்ரீடெஸ்க்டாப் என்ற பொது அமைப்பு வகுத்த விதி இருக்கிறது. செயலி ஐகானின் பெயரை மட்டும் சொல்லும், எந்தப் படம் என்பதை நடப்பில் உள்ள ஐகான் தீம் தீர்மானிக்கும். அந்தத் தீமில் இல்லையென்றால் அதன் தாய்த் தீமில் தேடும், அங்கேயும் இல்லையென்றால் கடைசியாக 'ஹைகலர்' என்ற பொதுத் தீமுக்கு வரும். அதனால் தாய்த் தீம்கள் சரியாக இணைக்கப்பட்ட, முழுமையான ஒரு தொகுப்பை எடுங்கள். மின்ட்டோடு வரும் மின்ட்-ஒய் போதுமானது. அரைகுறைத் தொகுப்பை எடுத்தால் சில படம் தட்டையாகவும் சில பளபளவென்றும் கலந்துதான் வரும்.

ஒரு செயலியின் ஐகான் மட்டும் எந்தத் தீமுக்கும் மாறாமல் நிற்கிறதா? பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். அந்தச் செயலியின் மெனுக் கோப்பில் 'ஐகான்' என்று தொடங்கும் வரியில் பெயருக்குப் பதிலாகப் படத்தின் முழுப் பாதையை எழுதியிருப்பார்கள். பாதை இருந்தால் தீமைக் கேட்காமலே படத்தை எடுத்துவிடும். 'மெனுலிப்ரே' என்ற மெனுத் திருத்தியைத் திறந்து, அந்தச் செயலியைத் தேர்ந்து, ஐகான் இடத்தில் பாதையை அழித்துவிட்டுத் தீமில் உள்ள பெயரைக் கொடுங்கள். திருத்திய நகல் உங்கள் வீட்டு ஃபோல்டருக்குள் சேமிக்கப்படும் என்பதால் செயலி புதுப்பிக்கப்பட்டாலும் அழியாது. வெளியிலிருந்து இறக்கி நிறுவிய செயலிகளில்தான் இது அதிகம்.

சுட்டியின் அம்பு சில விண்டோக்களுக்கு மேல் போகும்போது பெரிதாகிச் சிறிதானால், சுட்டி செட்டிங்ஸில் தீமையும் அளவையும் ஒரு முறை மாற்றித் திரும்ப வைத்து, வெளியேறி உள்ளே வாருங்கள்.

லிப்ரேஆபிஸுக்குத் தன் சொந்த ஐகான் தொகுப்புகள் உண்டு. அதன் விருப்பங்களில் 'வியூ' பகுதியில் உங்கள் டெஸ்க்டாப்புக்கு நெருக்கமான ஒன்றை எடுங்கள். லிப்ரேஆபிஸ் முழுவதுமே பழைய காலச் சாம்பல் நிறமாகத் தெரிந்தால், அதன் ஜிடிகே 3 இணைப்புத் தொகுப்பு நிறுவப்படவில்லை என்று அர்த்தம். கிடங்கிலிருந்து அதைச் சேர்த்தால் போதும்.

மசியாத செயலிகள்

லிப்அட்வைட்டா என்ற நூலகத்தை வைத்து எழுதிய க்னோம் செயலிகள் உங்கள் தீமைக் கண்டுகொள்ளாது. அதன் முதல் பதிப்பு 2021 டிசம்பர் கடைசியில் வந்தது, 2022 மார்ச்சில் வந்த க்னோம் 42இலிருந்து அது பரவலானது. வெளிச்சமா இருளா என்பதை மட்டும் கேட்கும். அதை டிகான்ஃப் எடிட்டர் என்ற செட்டிங்ஸ் திருத்தியில் க்னோம், டெஸ்க்டாப், இன்டர்ஃபேஸ் என்று உள்ளே போய் 'கலர்-ஸ்கீம்' என்ற இடத்தில் மாற்றலாம். அதற்கு மேல் அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. அதே வேலைக்கு வேறு செயலி இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். மின்ட் குழுவினர் 2016இலேயே எக்ஸ்-ஆப்ஸ் என்ற வரிசையைத் தொடங்கினார்கள். உரைத் திருத்தி, படம் பார்ப்பது, பிடிஎஃப் படிப்பது எல்லாம் அதில் இருக்கின்றன, எந்த ஜிடிகே டெஸ்க்டாப்பிலும் மெனுப்பட்டையோடும் உங்கள் தீமோடும் வரும். 2024 ஜூலையில் வந்த மின்ட் 22இல் கால்குலேட்டர் போன்ற சில க்னோம் செயலிகளை ஜிடிகே 3இல் இருந்த பழைய பதிப்புக்கே திருப்பி வைத்ததும் இந்தக் காரணத்துக்காகத்தான். நம்மைப் போன்ற பயனர்களை மனதில் வைத்து எடுத்த முடிவு அது, எனக்கு மிகவும் பிடித்தது.

ஃப்ளாட்பேக் என்ற தொகுப்பு வடிவில் வரும் செயலிகள் தனிக் கூண்டுக்குள் ஓடுவதால் உங்கள் கணினியின் தீம் ஃபோல்டரைப் பார்க்காது. நீங்கள் பயன்படுத்தும் ஜிடிகே 3 தீமுக்கு ஃப்ளாட்பேக்குகளின் கிடங்கான ஃப்ளாட்ஹப்பில் இணைப்பு இருந்தால் புதுப்பிக்கும்போது அதுவே இறங்கிக்கொள்ளும். ஆனால் ஃப்ளாட்பேக்கின் அடித்தளத் தொகுப்பு பெரியது. மொபைல் டேட்டாவில் இறக்குகிற நமக்கு, கிடங்கில் சாதாரணத் தொகுப்பு இருக்கும்போது அதையே எடுப்பது தோற்றத்துக்கும் நல்லது, பணத்துக்கும் நல்லது.

நிறம்

கடைசியில் நிறம். தீம் பகுதியில் ஒன்றைத் தேர்ந்து, விண்டோ மேலாளரிலும் அதே பெயர் உள்ளதை எடுங்கள். க்யூடி5சிடியின் நிறப் பலகையில் அந்தத் தீமின் பின்னணி, எழுத்து, தேர்வு நிறங்களை உள்ளிடுங்கள். 'ஜிபிக்' போன்ற நிறமெடுக்கும் கருவியால் திரையிலிருந்தே அந்த எண்களைப் பிடிக்கலாம். தேர்வு நிறம்தான் முக்கியம். ஒரு செயலியில் தேர்ந்தெடுத்த வரி பச்சை, அடுத்ததில் நீலம் என்றால் எந்த விண்டோவில் இருக்கிறோம் என்பதே குழம்பும். எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் நெறிமுறையில் உள்ள அளவு. டெஸ்க்டாப்புக்கும் அதையே பின்பற்றுங்கள்.

அச்சு வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. கிம்ப், இங்க்ஸ்கேப் இரண்டிலும் வரைபரப்பைச் சுற்றி நடுத்தரச் சாம்பல் நிறம் வையுங்கள். கல்யாணப் பத்திரிகையின் குங்குமச் சிவப்பை அடர்ந்த பச்சைத் தீமுக்கு நடுவே வைத்துப் பார்த்தால் இருப்பதைவிட எடுப்பாகத் தெரியும், அச்சில் வந்ததும் மங்கலாகத் தோன்றும். கிம்ப் 2.10 இயல்பாகவே இருண்ட தீமோடும் ஒற்றை நிற ஐகான்களோடும் வருகிறது. அதன் விருப்பங்களில் இடைமுகம், தீம் என்று போய் 'சிஸ்டம்' எடுத்தால் டெஸ்க்டாப்போடு சேர்ந்துவிடும். இங்க்ஸ்கேப்பிலும் தீமைக் கணினியின் விருப்பத்துக்கு விட ஒரு தேர்வு உண்டு.

வேலை முடிந்ததும் ஸ்கிரைபஸ், இங்க்ஸ்கேப், லிப்ரேஆபிஸ், கோப்பு மேலாளர் நான்கையும் ஒரே திரையில் பக்கம் பக்கமாக வைத்து ஒரு திரைப்பிடிப்பு எடுத்து, கிம்ப்பில் அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போன பிறகு மெனுவின் உயரம், எழுத்தின் கனம், பட்டனின் விளிம்பு ஆகியவற்றில் உள்ள வித்தியாசம் எடுத்துத் தெரியும். அதில் உறுத்துவதை மட்டும் சரிசெய்யுங்கள்.

மற்ற கணினிகளுக்குக் கொண்டுபோவது

ஒரு கணினியில் எல்லாம் அமைந்ததும் மற்றவற்றில் மறுபடி கையால் செய்ய வேண்டாம். மறைந்துள்ள 'கான்ஃபிக்' ஃபோல்டருக்குள் ஃபான்ட்கான்ஃபிக், க்யூடி5சிடி, க்யூடி6சிடி ஃபோல்டர்களையும், எக்ஸ்எஃப்சிஇ ஃபோல்டருக்குள் 'எக்ஸ்எஃப்கான்ஃப்' என்பதில் உள்ள எக்ஸ்-செட்டிங்ஸ், எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 ஆகிய இரண்டு கோப்புகளையும், ப்ரொஃபைல் கோப்பையும் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கணினியில் அந்தப் பயனர் உள்நுழைந்திருக்கும்போது எக்ஸ்எஃப்சிஇ கோப்புகளை மாற்றினால் பயனில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன் நினைவில் உள்ளதையே திரும்ப எழுதிவிடும். அந்தப் பயனரை வெளியேற்றிவிட்டு, இன்னொரு பயனராக நுழைந்து நகலெடுங்கள். நகலெடுத்த பின் கோப்புகளின் உரிமை அந்தப் பயனர் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். அதே எழுத்துருக்களும் தீமும் அந்தக் கணினியிலும் நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புதுப் பயனர்களை அடிக்கடி சேர்க்கிற இடம் என்றால், உதாரணத்துக்குக் கோயில் மண்டபத்தில் மாலையில் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு எடுக்கிறீர்கள் என்றால், இதே கோப்புகளை வேர்க் கோப்பகத்தின் 'இடிசி'க்குள் 'ஸ்கெல்' என்ற ஃபோல்டரில் போட்டுவையுங்கள். அதன் பிறகு உருவாக்கும் ஒவ்வொரு பயனருக்கும் அவை தானாக நகலாகிவிடும். ஒரு பிள்ளை எந்தக் கணினி முன்னால் உட்கார்ந்தாலும் போன வாரம் பார்த்த அதே திரைதான் இருக்கும். ஏற்கெனவே இருக்கும் பயனர்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு மேலே சொன்னபடி கையால் நகலெடுத்துத்தான் கொடுக்க வேண்டும்.